கடிகாரம் தவறினால் கதவு திறவாது

பொழிச்சலூர்ப் பக்கத்துச் சங்க அலுவலகம் ஒன்றில் நாம் ஆய்வுக்கு அமர்ந்திருந்தபோது, நகைக்கடன் வட்டி செலுத்த வந்த மூதாட்டி ஒருவர் காலை முதல் பெஞ்சியில் காத்திருந்தார். கணிப்பொறி உள்நுழைய விடவில்லை. கடவுச்சொல் பிழையென்று கருதிய எழுத்தர், மறந்து போன பழைய சொற்களையெல்லாம் தேடிக் கொண்டிருந்தார். நண்பகலில், "நாளைக்கு வாங்க, பாட்டி" என்று சொல்லி அவரை அனுப்பி விட்டனர். ஒரு நாள் வட்டியும் பஸ் கட்டணமும் அவருக்கு நஷ்டம்.

திரையில் தோன்றிய ஆங்கில அறிவிப்பை ஒருவரும் முழுமையாகப் படிக்கவில்லை. இணைப்பை நம்ப இயலவில்லை என்பதே அதன் பொருள். கடவுச்சொல்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. திரையின் மூலையில் இருந்த தேதியோ பல ஆண்டுகளுக்கு முந்தையது!

காரணம் எளியது. மின்சாரம் நின்றபோதும் கணிப்பொறியின் கடிகாரம் ஓடுவதற்காக, அதனுள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பழைய இயந்திரங்களில் அது தீர்ந்து விடுகிறது. தேதி பின்னோக்கிப் போய்விடுகிறது. எதிர்ப்புறத்துச் சர்வர் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கடிகாரம் தவறிய இயந்திரம், செல்லத்தக்க சான்றிதழையும் செல்லாததென்று தள்ளிவிடும்.

ஆதலின், உள்நுழைவு தடைப்பட்டால் முதலில் அறிவிப்பைப் படிக்க வேண்டும். அடுத்துத் தேதியையும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். பின்னர், பக்கத்து மேசைக் கணிப்பொறி இயங்குகிறதா என்று நோக்க வேண்டும். அது இயங்கினால் குற்றம் பெரும்பாலும் இந்த இயந்திரத்தில்தான். கடவுச்சொல்லை ஐயுறுவது இவற்றிற்குப் பின்னரே. பிழையான சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டால் கணக்கே பூட்டப்படலாம். பிறருடைய கடவுச்சொல்லில் நுழைவதோ கூடவே கூடாது. பின்னாளில் கணக்கில் வேற்றுமை நேரின் பழி யாரைச் சேரும்?

பேட்டரி மாற்றியும் தீராத குறை ஒன்றுண்டு, அது முதுமை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் பொது ஆதரவு நின்று விட்டது. இன்றைய சர்வர்கள் பல, அக்காலத்துப் பழைய பாதுகாப்பு முறைகளை ஏற்பதில்லை. 2021 செப்டம்பர் 30-இல் பரவலாக வழங்கிய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல உலகெங்கும் இணைப்பிழந்தன.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. திட்டங்கள் வரலாம். ஆனால் நம் மேசையில் உள்ள இயந்திரத்தைப் பேணும் கடமை நம்முடையதே. நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொரு கணிப்பொறியின் வயதையும் பதிவு செய்து, மாற்றத்திற்கு நிதி ஒதுக்குவார்களாக. அதுவரை, இயந்திரம் மறுக்கும் நாளில், விதிகள் இடந்தரும் அளவில் பணத்தைப் பெற்று, அன்றைய தேதியிட்ட கைரசீது அளிப்பதே முறை. இயந்திரத்தின் குறைக்காக அங்கத்தினர் வட்டி செலுத்துவது நியாயமன்று.