கறுத்ததெல்லாம் குளிர்ச்சியல்ல



"வெளுத்ததெல்லாம் பாலல்ல" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தத் தடவை அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்க் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நம் ஆட்கள் அதை "டிண்டட்" என்பார்கள். சுகாதாரப் பகுதியில் காருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தோலுக்கும் கண்ணுக்கும், ஏன், உயிருக்குமே சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். இன்று லயத்து வாசலிலும் பழைய சாகாவோ மைவியோ நிற்கிறது. பிள்ளைகள் பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கார் வாங்கிய மறுவாரமே நாலு பக்கமும் கன்னங்கரேல் என்று தாள் ஒட்டி விடுகிறார்கள். போன மாதம் ஒரு தம்பி என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணே, மவன் காடிக்கு டிண்டட் ஒட்டணும்ங்கிறான். எது ரொம்பக் கறுப்போ அதுதான் ரொம்பக் குளுமையாமே, நெசமா?"

நெசமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வெயிலில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் சூடாக உறைக்கும் அகச்சிவப்புக் கதிர். மூன்றாவது, தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர். பூமிக்கு வரும் வெயிலின் சக்தியில் ஏறக்குறையப் பாதி அகச்சிவப்பு. நாற்பது பங்குக்கு மேல் வெளிச்சம். புற ஊதா ஐந்து பங்கு அளவுதான். கறுப்புச் சாயம் ஏற்றிய மலிவுத் தாள் எதைத் தடுக்கிறது? பெரும்பாலும் வெளிச்சத்தை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதிச் சூட்டில் பெரும்பகுதியை அது உள்ளே விட்டுவிடுகிறது. அதோடு, சாயம் சூட்டைக் குடிப்பதால் கண்ணாடியே கொதிக்கிறது. கார் ஓடும்போது காற்று அதைக் கொஞ்சம் ஆற்றும். வெயிலில் நிறுத்தி வைத்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளேதான் இறங்கும்.

'செராமிக்' என்று ஒரு வகைத் தாள் இருக்கிறது. நல்லதாக இருந்தால், பார்க்க வெள்ளையாக இருந்துகொண்டே அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு தடுக்கும். நிறம் ஒன்று, சூடு வேறொன்று என்பது இதிலிருந்தே புரியும்.

கடைக்காரர் ஒரு விளக்கைப் போட்டுக் காட்டுவார். தாளுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார். சூடே தெரியாது. "பாத்தீங்களா, 99 பெர்சன்ட்!" என்பார். அந்த விளக்கு பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரைத்தான் வீசுகிறது. வெயில் அப்படியில்லை. அந்த 99 என்பதும் பல சமயம் அகச்சிவப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்து சொல்வது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய எண் வேறு. வெளிச்சம், அகச்சிவப்பு, புற ஊதா மூன்றையும் சேர்த்து, வெயிலின் மொத்தச் சூட்டில் எவ்வளவு தடுக்கிறது என்று கேளுங்கள். அதற்கு 'டி.எஸ்.இ.ஆர்.' என்று பெயர். அந்த எண்ணைக் கம்பெனியின் அச்சிட்ட அட்டவணையில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இனிச் சட்டம். 2019 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தனியார் கார்களின் முன் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். ஓட்டுநர் வரிசையின் இரு பக்கக் கண்ணாடிகளும் 50 விழுக்காடு விட வேண்டும். பின்வரிசைக் கண்ணாடிகளுக்கும் பின்புறக் கண்ணாடிக்கும் அளவு நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் அவற்றுக்கும் 30 என்ற அளவு இருந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த 70 என்பது தாளுக்கு மட்டுமல்ல. கண்ணாடியும் தாளும் சேர்ந்து. கார்க் கண்ணாடியே எல்லா வெளிச்சத்தையும் விடுவதில்லை. உதாரணத்துக்கு, கண்ணாடி 80 விடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் "70" என்று விற்கும் தாளை ஒட்டினால் மிஞ்சுவது 56. பக்கக் கண்ணாடிக்கு அது சரி. முன் கண்ணாடிக்குத் தப்பு. சாலைப் போக்குவரத்து இலாகா நிறுத்தினால் அபராதம்தான். முன் கண்ணாடிக்கு 90 விடும் தாள் வேண்டும். அப்போதுதான் 72 கிடைக்கும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை. கண்ணாடிபோல் பளபளத்து வெயிலைத் திருப்பி அடிக்கும் தாளும் சட்டப்படி கூடாது.

"போலீஸ் புடிச்சா பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு என் சொந்தக் கதையைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நானும் கறுப்புத் தாள் ஒட்டியவன்தான். முன் பக்கக் கண்ணாடியிலும் கறுப்பு. ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணி. மழைத் தூற்றல். தோட்டத்து மண் சாலையிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பினேன். பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை என்று நினைத்தேன். பெரட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா அங்கே இருந்தார். கார் மூக்கு வந்ததும் அவர் தடுமாறிக் கானுக்குள் இறங்கிவிட்டார். நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. நான் ஓடிப் போய்த் தூக்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏங்கய்யா, நான் வந்தது ஒங்களுக்குத் தெரியலையா?" தெரியவில்லை. அதுதான் உண்மை. அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நம் தோட்டத்துச் சாலைகளில் விளக்கு ஏது? செம்பனைக் காட்டுக்குள் பொழுது விடிந்தும் இருட்டுத்தான். அந்த நேரத்தில் நடந்தும், சைக்கிளிலும், மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்கள் யார்? நாம்தான். நம் மனைவி மக்கள்தான். கண்ணாடி கறுத்தால் முதலில் மறைந்து போவது நம்முடைய ஆட்களே.

வயதையும் கணக்கில் சேருங்கள். இருபது வயதுப் பையனின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. கண்ணில் புரை இருந்தாலோ, இனிப்பு நீர் வியாதியால் விழித்திரை கெட்டிருந்தாலோ இன்னும் குறையும். மகன் ஒட்டிய தாள் மகன் கண்ணுக்குச் சரியாக இருக்கலாம். அதே காரை அப்பா இரவில் எடுத்தால்? வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்களோ, அவர்களில் கண் மங்கியவரை வைத்துத்தான் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது குழந்தைகள். வெயிலில் நிறுத்திய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி அளவுக்குச் சூடு ஏறிவிடும். வெளியே 33 டிகிரி என்றால், அரை மணிக்குள் உள்ளே 45-ஐத் தாண்டும். ஜன்னலை இரண்டு விரல்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த டிண்டட்டும் இதைத் தடுக்காது. கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். காரில் மறந்து விடப்பட்ட குழந்தைகள் இறந்த செய்தியை நம் நாட்டிலேயே 2023-இல் படித்தோம். பின் கண்ணாடி கறுப்பாக இருந்தால் உள்ளே குழந்தை இருப்பது பக்கத்தில் போகிறவர் கண்ணுக்கும் தெரியாது. சட்டம் பின்னால் எவ்வளவு கறுப்பும் போடலாம் என்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் வேண்டாம் என்பேன். இதில் என் கருத்து மாறாது.

"அப்படியானால் தாளே வேண்டாமா?" என்றால், அப்படிச் சொல்லவில்லை. நல்ல தாளால் நன்மை உண்டு. காரின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது. புற ஊதாக் கதிரை அது ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரைத் தடுத்தாலும், ஆழமாகப் போய்ச் சுருக்கம் உண்டாக்கும் 'யு.வி.ஏ.' கதிரை அது உள்ளே விடும். அமெரிக்காவில் 28 ஆண்டு லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கத்து முகம் மட்டும் தடித்துச் சுருங்கிப்போயிருந்தது. நம் நாட்டில் ஓட்டுநருக்கு அது வலப் பக்கம். பழக்குலை லாரி ஓட்டும் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் இதற்கும் கறுப்பு தேவையில்லை. நிறமே இல்லாத நல்ல தாள்கூட 99 விழுக்காடு புற ஊதாக் கதிரைத் தடுக்கும். லூப்பஸ் போன்ற, வெயில் பட்டால் அதிகமாகும் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டிக் கடிதம் வாங்குங்கள். மருத்துவக் காரணத்துக்காக இலாகாவிடம் விண்ணப்பிக்க வழி உண்டு.

கடைசியாகக் காசு விஷயம். 2025-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும் தாளும் கடையில் இருக்கிறது. கடன் வாங்கி ஒட்ட வேண்டாம். கையில் இருப்பதை இப்படிச் செலவு செய்யுங்கள்:

1. முதலில் முன் கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும். சூடு அதிகம் வருவதும் அங்கேதான், ஓட்டுநர் பார்ப்பதும் அங்கேதான். வெள்ளையான, சூட்டைத் தடுக்கும் தாள் அங்கே போகட்டும். பின்னால் சாதாரணத் தாள் போதும். அதுவும் உள்ளே ஆள் தெரியும் அளவுக்கு.

2. மிக மலிவான சாயத் தாள் வேண்டாம். நாளடைவில் ஊதா நிறமாகிக் கொப்புளம் கட்டும். இரவில் எதிர் விளக்கு பட்டால் அந்தக் கொப்புளம் எல்லாம் மின்னும்.

3. உலோகம் கலந்த தாள் என்றால், கைப்பேசிக்கும் டோல் கட்டும் கருவிக்கும் இடைஞ்சல் வருமா என்று கேளுங்கள்.

4. பொறுப்புச் சீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒட்டிய பிறகு கடைக்காரர் சொல்லும் நாள்வரை கண்ணாடியை இறக்க வேண்டாம்.

5. பழைய கார் வாங்கினால், ஏற்கெனவே ஒட்டிய தாளை ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். தெருவோரம் நடப்பவர் சரியாகத் தெரியாவிட்டால் உரித்துவிடுங்கள்.

காசே இல்லையா? கவலை வேண்டாம். நிழலில் நிறுத்துங்கள். முன் கண்ணாடிக்கு உள்ளே ஓர் அட்டையை மடித்து வையுங்கள். ஏறுவதற்கு முன் நாலு கதவையும் இரண்டு நிமிடம் திறந்து வைத்துச் சூட்டை வெளியே விடுங்கள். இறங்கும்போது பின் இருக்கையை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

கார் நம் குடும்பம் முன்னேறியதற்கு ஓர் அடையாளம். அதை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் விடியற்காலை இருட்டில் வேலைக்குப் போகும் நம் அக்கா தங்கைகளை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடிய வேண்டும். கடையில் தாளைத் தொட்டுப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.