அன்புக்கு மொழி வேண்டாவா?

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிங்கப்பூர், மலேசியத் திருச்சபைகளிலிருந்து அருட்பணிக் குழுக்கள் அயல்நாடுகளுக்குப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. வட தாய்லாந்தின் மலைச் சிற்றூர்கள், கம்போடியா, பிலிப்பைன்ஸ், சில வேளைகளில் தமிழகத்துக் கிராமங்கள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர்கள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் தீட்டுவர், குழந்தைகளுக்குக் கைதட்டிப் பாடக் கற்பிப்பர், படம் பிடித்துக்கொள்வர். திரும்பிவந்து ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும்போது ஒரு வாக்கியம் பெரும்பாலும் ஒலிக்கும்: 'அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாது, ஆனால் அன்புக்கு மொழி தேவையில்லை.'

கேட்போர் உள்ளம் நெகிழ்கிறது. நெகிழட்டும். அக்கூற்று மெய்தானா என்பதே வினா. புன்னகைக்குப் புன்னகை கிடைத்திருக்கும், ஐயமில்லை. ஆயினும் அவ்வூருக்கு வேண்டியது சுவருக்கு வண்ணமா, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரா என்று கேட்டறியப் புன்னகை போதாது. வந்தவர் செய்யும் உதவியை 'வேண்டா' என்று மறுக்கும் உரிமைகூட மொழியின் வழியேதான் ஊராருக்குக் கிட்டும். மொழியறியா அன்பு ஒருவழிப் பாதை. கொடுப்பவர் கொடுத்துக்கொண்டே இருப்பார், பெறுபவர் தலையசைத்துக்கொண்டே இருப்பார்.

தமிழ் கற்றோர் இவ்வாக்கியத்தை எளிதில் ஏற்கலாகாது. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்த ஓர் அருட்பணியாளரின் வரலாறே இதற்கு மறுப்பாக நிற்கிறது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, ஜெர்மானியராகிய சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் நாள், தோழர் புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அங்கே ஐரோப்பியர் ஊராரோடு பேசுவதற்குப் போர்த்துகீசிய மொழி வழங்கிவந்தது. அதைக்கொண்டே அவர் காலந்தள்ளியிருக்கலாம். இன்றைய குழுக்கள் ஆங்கிலத்தைக்கொண்டு தள்ளுகின்றன அல்லவா! அவரோ முதிய பள்ளியாசிரியர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பள்ளியையே தம் இல்லத்துக்கு வரவழைத்தார். சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பாரின் துணை கிட்டிய பின்னரே சொற்கள் வாய்திறந்தன. (வரலாற்று நூல்கள் மாணவரைப் போற்றும் அளவுக்கு அந்த ஆசிரியரைப் போற்றுவதில்லை என்பதை இந்நாட்டுத் தமிழாசிரியர்கள் வியப்பின்றியே கேட்பர்.)

1708ஆம் ஆண்டிலேயே தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் பட்டியல் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அதில் உள்ளன. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். இவற்றினும் பெரியது மற்றொன்று. தமிழரிடம் அவர் வினாக்கள் கேட்டார். அவர்கள் எழுதிய விடைகள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பெற்று ஹாலே நகரில் அச்சேறின. ஐரோப்பியர் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றித் தமிழர் எண்ணியதை ஐரோப்பியரே படிக்க நேர்ந்தது. ஒருவழிப் பாதை அங்கே இருவழியாயிற்று.

அதன் விலையையும் அவரே கொடுத்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை விரித்து அவர் எழுதிய நூலை 1713இல் ஹாலேக்கு அனுப்பியபோது, அங்கிருந்த பெருந்தலைவர் பிராங்கே அதனை அச்சிட ஒப்பவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆசிரியர் மறைந்தோ 1719 முதல் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

சீகன்பால்கைக் குறையற்றவராக்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழரின் சமயம் பிழையென்றே அவர் கருதினார். மதமாற்றமே அவர் பணி. அந்நோக்கத்தை ஏற்காத தமிழர் பலர். அவர்களுக்கு அதற்குரிய காரணங்களும் உண்டு. ஆயினும் பிழையென்று கருதியதைக்கூட அவர் முதலில் படித்தார். படித்ததை, அனுப்பியவர் முகம் சுளிக்கும்படி எழுதியும் அனுப்பினார். இன்றைய சாட்சியுரைகளுள் சபையார் முகம் சுளிக்கும் செய்தி எத்தனை? 'அவ்வூரார் நம் பணியைப் பற்றி இவ்வாறு குறைகூறினர்' என்று ஒரு வரி? குறைகூறினாலும் புரிந்திராதே!

'அலுவலகத்தில் ஒரு வாரமே விடுப்பு. மொழி கற்க ஏது நேரம்?' என்பர். நியாயந்தான். ஆனால் பயணம் ஒரு வாரமாயினும் அதற்கான ஆயத்தம் பல மாதங்கள் நடக்கிறது. நிதி திரட்டவும் பாடல் பழகவும் சட்டை அச்சிடவும் அம்மாதங்கள் போதுமாயின், நூறு சொற்கள் கற்கவும் போதும். ஆசிரியரைத் தேடி அலையவும் வேண்டா. தாய்லாந்தாரும் மியன்மாரும் பிலிப்பினோக்களும் வங்காளதேசத்தாரும் இவ்விரு நாடுகளிலும் கட்டடம் கட்டுகின்றனர், வீடு பெருக்குகின்றனர், முதியோரைப் பேணுகின்றனர். சிங்கப்பூரில் ஞாயிறு மாலை தேக்காவில் சற்று நின்றால் தமிழகத்துச் சிற்றூர்களின் பேச்சையே கேட்கலாம். இவர்களைத் தேடிச்சென்று தொண்டாற்றும் சபைகளும் உண்டு. ஆனால் இவர்களிடம் மாணவராய் அமரும் குழுவைக் காண்பது அரிது. தொலைவிலுள்ள ஊர்க்காரரைத் தழுவ வானூர்தி ஏறுபவர், அதே ஊர்க்காரர் மின்தூக்கியில் அருகே நிற்கும்போது பெயரும் கேட்பதில்லை.

அடுத்த விடுமுறைக்கான பெயர்ப் பட்டியல் இப்போதே சபைகளில் சுற்றுக்கு வந்திருக்கும். வானூர்திச் சீட்டு, தடுப்பூசி, காப்புறுதி, சட்டை அளவு என எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. மொழி வகுப்புக்கு ஒரு கட்டம் வரைந்து சேர்க்கத் திருச்சபை மூப்பர்கள் முன்வருவார்களா? பாடம் சொல்லித்தர வருபவர் அவர்கள் சபைக்கு எதிரில் கட்டடம் கட்டிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். அவருக்கு உரிய ஊதியத்தையும் அந்நிதியிலிருந்தே கொடுக்கலாம்.