பரிசா? பாக்கியா?

நமது நாட்டில் கலியாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, புதுமனை புகுதல் என்பதாகச் சொல்லப்படும் காரியங்களுக்கு ஓர் அழைப்பு வந்து சேர்ந்தால், அழைக்கப்பட்டவன் முதன்முதலில் தேடுவது நாளையுமல்ல, இடத்தையுமல்ல. பெட்டிக்கடியில் கிடக்கும் பழைய மொய் நோட்டைத்தான் தேடுகிறான். "நம் வீட்டுக் காரியத்திற்கு அவன் எவ்வளவு எழுதினான்?" என்பதே அவனுடைய முதல் கேள்வி. அந்தத் தொகையைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, அதற்கும் மேல் ஒற்றை ரூபாய் ஒன்றை வைத்து எடுத்துக்கொண்டு போகிறான். இதற்கு "அன்பளிப்பு" என்று பெயர்.

இந்த ஒற்றை ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு என்று முடிந்தால் பூஜ்யமாம், பூஜ்யத்தில் முடிந்தால் உறவு முடிந்துவிடுமாம். ஆகவே நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று, ஆயிரத்தொன்று. இப்போது கடைக்காரர்கள் உறையின் மேலேயே ஒரு ரூபாய்க் காசை ஒட்டி விற்கிறார்கள். மூடநம்பிக்கையைக்கூட ரெடிமேடாக வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நாம் முன்னேறியிருக்கிறோம்!

நிற்க. சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு கலியாணத்திற்குச் சென்றிருந்தோம். ஊர், பெயர் வேண்டியதில்லை. மண்டபத்து வாசலில் மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்கினார். ஒருவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீது கொடுத்தார். மூன்றாமவர், இன்ன ஊர் இன்னார் இவ்வளவு ரூபாய் என்று ஒலிபெருக்கியில் முழங்கிக் கொண்டிருந்தார். ஐயாயிரம் என்னும்போது குரல் உயர்ந்தது. இருநூறு என்னும்போது தணிந்தது. அந்த வரிசையில் ஒரு கிழவி நின்றாள். மணமகளின் தாய் வேலைக்குப் போன காலத்தில் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் என்று பிறகு அறிந்தோம். அவள் கையில் தானே முடைந்த பனையோலைப் பெட்டி ஒன்று. "பேர், ஊர், தொகை?" என்றார் எழுதுகிறவர். தொகை இல்லை, பெட்டிதான் என்றாள். "பொருள் எல்லாம் எழுதுகிறதில்லை பாட்டி, அந்தப் பக்கம் வை" என்று விட்டார். அந்தப் பக்கத்தில் சுவர்க் கடிகாரங்கள் மட்டும் ஒன்பது இருந்தன. பெட்டி அவற்றுக்கடியில் போயிற்று.

அன்று அந்த மண்டபத்திற்கு வந்த பொருள்களில் பரிசு என்று சொல்லத்தக்கது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்பது நம்முடைய அபிப்பிராயம். மற்றவையெல்லாம் பாக்கி.

மொய் முழுவதுமே கெடுதல் என்று நாம் சொல்ல வரவில்லை. ஏழை எளியவர்களுக்கு எந்தப் பேங்கும் வாசல் திறவாத காலத்தில், பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் செலவைத் தாங்கிய ஏற்பாடு அது. புதுக்கோட்டை ஜில்லாவில் கீரமங்கலம், வடகாடு பக்கத்திலும், தஞ்சை ஜில்லாவில் பேராவூரணி பக்கத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அங்கே கலியாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மொய் வாங்குவதற்காகவே பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வைத்து வாங்குகிறார்கள். வட்டியில்லாப் பணம் சேருகிறது. அதைக்கொண்டு ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் உண்டு. இதில் ஒரு நாணயம் இருக்கிறது. கடனைக் கடன் என்றே சொல்லி வாங்குகிறார்கள், கடன் என்றே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னை எல்லாம் சாய்ந்தபோதும், 2020-ல் கொரோனா வந்து ஊர் முடங்கியபோதும், வாங்கியவன் எப்படித் திருப்புவான் என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொடுக்காவிட்டால் கோர்ட்டு வராது. ஊர்ப்பேச்சு வரும், அது கோர்ட்டைவிடப் பொல்லாதது.

ஆகவே நம்முடைய ஆட்சேபணை கடனின் மேலல்ல, கடனுக்கு அன்பு என்று பெயர் வைத்து ஒலிபெருக்கியில் முழங்குவதன் மேல்தான்.

இது தமிழர்களுக்கு மாத்திரம் உள்ள வியாதி என்றும் யாரும் நினைக்க வேண்டியதில்லை. மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1925-ல் வெளிவந்த தமது ஆராய்ச்சியில், உலகத்தின் பல பாகங்களிலும் உள்ள மக்களின் பழக்கங்களை ஒத்துப் பார்த்து, பரிசு என்பதில் மூன்று நிர்ப்பந்தங்கள் இருக்கின்றன என்று காட்டினார். கொடுத்தே ஆகவேண்டும், வாங்கியே ஆகவேண்டும், திருப்பியே ஆகவேண்டும். அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று, கனடா தேசத்தின் மேற்குக் கடற்கரையில் வாழும் பழங்குடி மக்களின் பாட்லாட்ச் என்னும் விருந்து. அதில் ஒரு தலைவன் கம்பளிகளையும் செப்புத் தகடுகளையும் வாரி வழங்குவான். சில சமயம் எதிராளி நாணும்படி அவற்றை உடைத்தும் போடுவான். வாங்கினவன் அதற்கு மேலாகச் செய்து காட்டாவிட்டால் அவனுக்குத் தலை நிமிராது. கனடா அரசாங்கம் 1884-ல் சட்டம் செய்து இதைத் தடுத்தது. 1921-ல் நடந்த ஒரு பெரிய விருந்திற்காகப் பலரைத் தண்டித்து, அவர்களுடைய முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் பறித்துக்கொண்டது. ஆனாலும் வழக்கம் சாகவில்லை, மறைவில் நடந்தது. 1951-ல் தடையே சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. பிறர் வழக்கத்தைப் போலீசை வைத்து ஒழிக்கப் புகுந்தால் இப்படித்தான் முடியும். அந்த வழக்கத்திற்குள் இருக்கிறவர்களே கேள்வி கேட்டால்தான் மாற்றம் வரும்.

இனி, நாம் கேட்க வேண்டிய பெரிய கேள்வி மொய்யைப் பற்றியதல்ல, சீரைப் பற்றியது.

ஒரு பெண் பிறந்த வீட்டை விட்டுப் போன நாள்முதல் அவளுடைய அண்ணன் தம்பிமார் தலையில் ஏறும் கணக்கைப் பாருங்கள். கலியாணச் சீர், தலைத் தீபாவளி, பொங்கல் சீர், வளைகாப்பு, பிரசவச் செலவு, பிள்ளைக்குக் காதுகுத்து, அந்தப் பிள்ளை பெண்ணாயிருந்தால் பூப்புச் சீர், பிறகு அவள் கலியாணத்திற்குத் தாய்மாமன் சீர். தட்டுகள் இத்தனை என்று எண்ணி, ஆட்டுக்கிடாவை முன்னே விட்டு, மேளம் வைத்து, வெடி வெடித்து ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும். கூலி வேலை செய்யும் தாய்மாமன் மனைவியின் நகையை அடகு வைத்துத் தட்டு நிரப்புகிறான். சீர் குறைந்தால் குத்துப்பேச்சு கேட்கிறவள் அவனல்லள், அவன் தங்கை. கடைசியாக அந்தத் தங்கையின் கணவன் இறந்தால், பல ஜாதிகளில் பிறந்த வீட்டார்தான் கோடிச் சேலை கொண்டுவந்து போடவேண்டும். அதாவது "நீ இனிமேல் அமங்கலி" என்று சபையறிய முத்திரை குத்துவதற்கான துணியை, உடன்பிறந்தவனே விலை கொடுத்து வாங்கிவருகிறான். உலகத்தில் இதைவிடக் கொடிய பரிசு ஒன்று உண்டா என்று கேட்கின்றோம்.

இதற்கெல்லாம் பெரியவர்கள் சொல்லிவந்த நியாயம், பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கிடையாது, அதற்குப் பதிலாகத்தான் சீர் என்பது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கு ஆணோடு ஒத்த பங்கு உண்டு என்று சட்டமே வந்துவிட்டது. அப்படியானால் சீர் நின்றிருக்க வேண்டுமல்லவா? நிற்கவில்லை. நடப்பது என்னவென்றால், "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சில லட்சம் பெறும் நிலத்திற்குச் சில பித்தளைக் குடமும் ஒரு கட்டிலும் ஈடாகிவிடுகின்றன. பெண்ணும் அண்ணன் உறவு போய்விடுமே என்று கையெழுத்திடுகிறாள். மேள தாளத்தோடு வந்த தட்டுக்களின் விலையை அவள் அங்கே கட்டி முடிக்கிறாள்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தது. அதன்கீழ் 1985-ல் செய்யப்பட்ட விதிகளில் ஒன்று பலருக்குத் தெரியாது, ஆகையால் எழுதுகிறோம். கலியாணத்தில் கேட்காமல் வரும் பரிசுகளுக்கும் பட்டியல் எழுதவேண்டும். மணமகளுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்திருக்க வேண்டும். பொருள் இன்னது, ஏறத்தாழ விலை இவ்வளவு, கொடுத்தவர் பெயர், உறவானால் என்ன உறவு என்று குறித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய்யை ரசீதோடு கணக்கு வைக்கத் தெரிந்த நாம் இந்தப் பட்டியலை எத்தனை கலியாணங்களில் எழுதியிருக்கிறோம்? மொய் நோட்டு பெரும்பாலும் வீட்டு ஆண்களின் பெட்டியில் இருக்கும். இந்தப் பட்டியலோ பெண்ணின் கையில் இருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் "என் நகை, என் பாத்திரம்" என்று அவள் எடுத்துக் காட்டுவதற்கு அது ஒன்றே போதும்.

சரி, பின்னே எப்படித்தான் கொடுப்பது என்று தோழர்கள் கேட்கக்கூடும். பரிசே வேண்டாம் என்று சொல்ல நாம் துறவிகளல்ல. மனிதனுக்கு மனிதன் கொடுப்பதில் ஓர் இன்பம் உண்டு. அதை நாம் குறைவாக எண்ணவில்லை.

நம்முடைய யோசனை, கொடுக்கிற நாளை முதலில் மாற்றவேண்டும் என்பது. கலியாணத்தன்று எல்லாரும் கொடுக்கிறார்கள், அன்று ஒன்பது கடிகாரம் சேருகிறது. தனிக்குடித்தனம் வைக்கும் மாதத்தில் வாடகை முன்பணத்திற்கு அந்தத் தம்பதிகள் அலைகிறார்களே, அன்றைக்கு ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த நாளில் போய், "என்ன குறைகிறது?" என்று வெட்கப்படாமல் கேட்டு, ஓர் அடுப்போ ஒரு மாதத்து அரிசியோ வாங்கிக் கொடுத்தால் அது எவ்வளவு பிரயோஜனப்படும்! கேட்டுக் கொடுத்தால் அழகு போய்விடும் என்பார்கள் சிலர். கேளாமல் கொடுத்த கடிகாரங்கள் பரணில் கிடக்கும் அழகை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளை பெற்ற வீட்டிற்கு வெள்ளிக் கொலுசு கொண்டுபோகிறவர்கள் பலர். அந்தத் தாய் பத்து நாள் தூங்குவதற்கு வழியாகச் சமையலையும் துணி துவைப்பதையும் ஏற்றுக்கொள்ளுகிறவர் யார்? உழைப்பையும் பரிசாகக் கொடுக்கலாம். ஆண்களும் கொடுக்கலாம்.

பூப்பு நீராட்டு என்பதாகப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உடம்புச் சங்கதியை பிளெக்ஸ் பலகையில் போட்டு ஊருக்கு அறிவிக்கிறார்களே, அந்தக் காரியத்திற்கு நம் தோழர்கள் போகாமலிருப்பதே நல்லது. உறவு விடாது என்றால், சேலைக்குப் பதில் ஒரு நல்ல அகராதியைக் கொடுங்கள். அல்லது அவள் பெயரில் அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கி அந்தப் புத்தகத்தை அவள் கையிலேயே கொடுங்கள். தகப்பன் கையில் கொடுக்க வேண்டாம்.

கொடுக்கிற விதத்திலும் அறிவைச் செலுத்த இடமுண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுத்தவன் பெயரை வெட்டி வைக்கும் வழக்கம் ஒன்றிருக்கிறது. கோவிலில் டியூப் லைட் உபயம் செய்தவன் விளக்கே தெரியாதபடி அதன்மேல் தன் பெயரை எழுதிவைத்த கதைதான். அதற்குப் பதிலாக, பெறுகிறவரைப் பற்றி நீங்கள் அறிந்த ஒரு நல்ல செய்தியை ஒரு தாளில் கையால் எழுதிப் பொருளோடு வையுங்கள். சிறு வயதில் அவள் கிணற்றில் நீந்தக் கற்றதை எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் அவன் தன் மதியச் சோற்றை யாருக்குப் பங்கிட்டான் என்பதை எழுதுங்கள். காசு செலவில்லை, ஒருவரும் அதை வீசியெறிய மாட்டார்கள். பளபளக்கும் காகிதம் சுற்றி மறுநாள் குப்பையில் எறிவதைவிட, ஒரு கைத்தறித் துண்டிலோ மஞ்சள் பையிலோ வைத்துக் கொடுத்தால் உறையும் பரிசாகிவிடும். புத்தகம் கொடுப்பவர்கள், தாங்கள் படித்துப் பிடித்த பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்துக் கொடுக்கலாம்.

கலியாணம் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மேஜையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை மூலையில் வையுங்கள். பெயர் எழுதாத உறைகளை அதில் போடட்டும், போடாதவர்களும் போட்டவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். உண்மையிலேயே பணமுடை உள்ளவர்கள் நாலு நண்பர்களிடம் கடன் என்று சொல்லியே வாங்கி, தவணை குறித்துக்கொள்ளட்டும். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

"பழைய பாக்கியை நான் திருப்பவேண்டுமே, நான் மாத்திரம் நிறுத்திவிட்டால் கொடுத்ததெல்லாம் போகுமே" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கவலைதான். அவர்களுக்கு நாம் சொல்லுவது, நோட்டை எடுத்துப் பழைய பாக்கியைக் காசு குறையாமல் தீர்த்துவிடுங்கள், புது மொய் மாத்திரம் வைக்காதீர்கள். உங்களுக்கு வரவேண்டியது வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் அதை அன்றைக்கே பரிசாகக் கொடுத்துவிட்டதாக எழுதிக் கணக்கை மூடுங்கள். இந்தப்படி செய்து பார்த்தவர்கள், உறவினர் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் தடை வந்தது என்பதை நமக்கு எழுதினால், ஊர் பெயர் இல்லாமல் அடுத்த வாரங்களில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.