புளி கொட்டினா பதறணும்னா அது என்னய்யா சமையல் மேடை?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நடுவுல வீட்டுல சமையல் மேடை மாத்துற வேலை வேற. போன சனிக்கிழமை ஒரு ஷோரூம் போயிட்டு வந்ததுல இருந்து வயித்தெரிச்சல் தாங்கல. இங்க கொட்டிடறேன், பொறுத்தருள்க மக்களே.

ஏசி, ஓசிக் காப்பி, "வெல்கம் சார்" எல்லாம் முடிஞ்சதும் சேல்ஸ் தம்பி பளீர்னு ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டினார். குவார்ட்ஸாம். "இப்ப எல்லாரும் இதான் சார் போடறாங்க." பக்கத்துல நின்ன அம்மா மெதுவா ஆரம்பிச்சாங்க.

"எறக்குன வாணலிய அப்படியே இதுமேல வைக்கலாமா தம்பி?"

"கீழ ஒரு ஸ்டாண்ட் வெச்சுக்குங்கம்மா."

"மஞ்சப்பொடி கொட்டிட்டா?"

"உடனே தொடச்சிடணும்மா."

"தேங்கா உடைக்கலாமா?"

"ஐயோ, அதெல்லாம் வேணாம்மா."

அப்புறம் எதுக்குய்யா அது? சூடம் காட்டிக் கும்பிடவா?

வீட்டுக்கு வந்து துருவினேன். குவார்ட்ஸ் பலகைன்னா முழுக் கல்லு இல்ல சாமி. கல்லுத்தூளும் நொறுக்கும் எடையில 90 சதவீதத்துக்கு மேல. மிச்சம் அதை ஒட்ட வைக்கிற பாலியெஸ்டர் ரிசினும் சாயமும். நியாயமா சொன்னா இது தண்ணியை உறிஞ்சாது, கறையும் சுலபத்துல ஏறாது. ஆனா அந்த ரிசினுக்கு சூடு ஆகாது. சுமார் 150 டிகிரியிலேயே அது கெட ஆரம்பிக்கும், வெள்ளைப் பலகையில மஞ்சளா வட்டம் விழும். குக்கர் உள்ள 120 டிகிரிதான், தப்பிச்சிரும். வடை சுடுற எண்ணெய் 180. தோசைக்கல்லு 200. நம்ம வீட்டுல தினமும் நடக்கறது எதுன்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்து மார்பிள். பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டா கரையும். புளியில டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில சிட்ரிக் அமிலம். சாதத்துக்குப் புளி கரைச்ச கிண்ணத்தை வெச்சு எடுத்தா பாலீஷ் போய் மங்கலா ஒரு வளையம் நிக்கும். சீலர் அடிச்சா கறை ஊறுறது குறையுமே தவிர, அமிலம் அரிக்கறது நிக்காது. பாட்டி வீட்டு கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக்கல் சாதிதான். அதனாலதான் அங்கங்க வெளுத்துக் கெடந்துச்சு. ஆனா அது விலை மலிவு, யாரும் அதை "லக்சுரி"ன்னு ஏமாத்தி விக்கல.

என் கட்சி கிரானைட். குவார்ட்ஸ் கனிமம் மோஸ் அளவுல 7, ஃபெல்ட்ஸ்பார் 6, சமையல் கத்தி சுமார் 5.5. கத்திதான் மழுங்கும். புளிக்கும் அசராது, வாணலிக்கும் அசராது. ஆனா கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. கடையில பேர் கிரானைட்னு இருந்தாலும் எல்லாம் கிரானைட் இல்ல. ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. சில நிமிஷத்துல அந்த இடம் கறுத்தா உறிஞ்சுற கல்லு, சீலர் வேணும். எலுமிச்சை தேச்சு ராத்திரி முழுக்க விடுங்க. கறுப்புக் கல்லுன்னா வெள்ளைத் துணியில அசிட்டோன் தொட்டுத் துடைங்க. துணி கறுத்தா சாயம் பூசின மாலு. 20 மி.மீ. கனத்துக்குக் குறையாம கேளுங்க. கல்லு பெரும்பாலும் விரியறது அடுப்புக்கும் சிங்க்குக்கும் வெட்டுன மூலையில. அங்க வெட்டு கூரா இல்லாம வளைவா இருக்கணும், கீழ தாங்கலும் வேணும்.

இதெல்லாம் காசு விஷயம். இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. இந்த குவார்ட்ஸ் பலகையை வெட்டும்போது பறக்கற சிலிக்காத் தூசு நுரையீரல்ல போய் உக்காந்தா சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இளவயசுத் தொழிலாளிங்களே பாதிக்கப்பட்டதைப் பாத்துதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தயாரிக்கவும் விக்கவும் பொருத்தவும் தடை போட்டுச்சு. கிரானைட்ல சிலிக்கா இதைவிடக் கம்மி, ஆனா இல்லாம இல்ல. எங்க ஃப்ளாட் வாசல்ல ஒரு பையன் கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டு, தண்ணி விடாம காஞ்ச கல்லை அறுத்துட்டு இருந்தான். நாம எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கிட்டோம், நானும்தான். வெக்கமா இருக்கு. எந்தக் கல்லு வாங்கினாலும் "தண்ணி ஊத்தி அறுங்க, நல்ல மாஸ்க் போடுங்க"ன்னு ஆர்டர் குடுக்கும்போதே சொல்லுங்க. கூடக் கொஞ்சம் காசு கேட்டா குடுங்க. வெள்ளை மேடைக்குக் குடுக்க இருந்த காசுதானே?

கடைசியா ஒரு குத்து. அந்தத் தம்பி ஒரு மணி நேரம் என்கிட்டயே பேசினார். கலர் என்கிட்ட, பட்ஜெட் என்கிட்ட. எனக்குச் சமையல்னா நூடுல்ஸ். முப்பது வருஷமா அந்த மேடை முன்னாடி நிக்கறவங்க உயரம் என்னன்னு அவரும் கேக்கல, நானும் யோசிக்கல. நின்னுக்கிட்டு முழங்கையை மடக்கினா அதுக்கு நாலஞ்சு இன்ச் கீழ மேடை வரணும். எங்க பழைய மேடை அம்மாவுக்கு ரெண்டு இன்ச் உசரம். தோள்பட்டை வலின்னு சொல்லும்போதெல்லாம் தைலம் வாங்கிக் குடுத்த புத்திசாலி நான்.

இப்ப வீட்டுல நாலு கிரானைட் துண்டு கெடக்கு. அம்மா ஒவ்வொண்ணுலயும் புளி தடவி வெச்சிருக்காங்க. காலையில ரிசல்ட். அவங்க எதைச் சொல்றாங்களோ அதான் மேடை.

டிஸ்கி: "எங்க வீட்டுல குவார்ட்ஸ்தான், நல்லாத்தான் இருக்கு"ன்னு கும்ம வர்றவங்க, கடைசியா வடை சுட்டது எப்பன்னும் சேத்துச் சொல்லிட்டுப் போங்க :-)