கார்ன் ஃப்ளேக்ஸும் சுத்த ரத்தமும்

டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக்கை உலகம் கார்ன் ஃப்ளேக்ஸ்காரராக மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கு. மிச்ச வரலாற்றை வசதியாக மறந்துபோச்சு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் க்ரீக் என்றொரு ஊர். அங்கிருந்த சானிடோரியத்தின் பொறுப்பை 1876இல் ஏற்றவர் இவர். இறைச்சியை விடு, குடியை விடு, புகையிலையை விடு. தானியமும் கொட்டையும் பழமும் தின்னு என்பது இவருடைய வைத்தியம். ஹென்றி ஃபோர்டும் தாமஸ் எடிசனும் வந்து தங்கிய இடம் அது. நார்ச்சத்து பற்றியும் புகையிலை பற்றியும் அவர் சொன்னதைப் பின்னாளைய மருத்துவமும் ஒப்புக்கொண்டது. அதில் நமக்குத் தகராறு இல்லை. கீரையும் பருப்பும் நம்ம அடுப்பிலும்தான் வேகுது.

நம்ம கேள்வி வேற. குடலைச் சுத்தம் பண்ணக் கிளம்பின டாக்டர், ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஏன் போனார்?

1914 ஜனவரியில் அதே பேட்டில் க்ரீக்கில் இன மேம்பாட்டுக்கான முதல் தேசிய மாநாடு நடந்தது. நடத்தியவர் கெல்லாக். வெள்ளை இனம் சீரழிந்துகொண்டிருக்கிறது என்பது அவருடைய பயம். சுத்தமான உணவு மட்டும் போதாதாம், சுத்தமான பிறப்பும் வேணுமாம். அதற்குப் பரம்பரைப் பதிவேடு வேணுமாம். 'தகுதியானவர்', 'தகுதியற்றவர்' என்று மனுசனைப் பிரிக்கிற இந்தப் பேச்சுக்கு அங்கே வைத்த பெயர் விஞ்ஞானம். நமக்கு அதன் பெயர் தெரியும். மனு அதை எழுதி எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு.

கறுப்பினக் குழந்தைகளையும் எடுத்து வளர்த்தாரே என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. வளர்த்தார், உண்மைதான். வீட்டுக்குள்ளே கருணை, மேடையிலே இனப்பிரிவினை. சேரிக்கு மருந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலைமுழுகும் கருணையை நாம் பார்த்ததில்லையா?

கெல்லாக் தன் கையால் யாருக்கும் கட்டாயக் கருத்தடை செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கத்திக்கு மரியாதை தேடித் தந்த மேடைகளில் ஒன்று அவருடையது என்கிறேன். கட்டாயக் கருத்தடை செல்லும் என்று 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்த நூற்றாண்டில் அறுபதாயிரம் பேருக்கு மேல் அந்த நாட்டில் கருவறுக்கப்பட்டார்கள். ஏழைகள், ஊனமுற்றோர், கறுப்பினப் பெண்கள்.

1961இல் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினக் கூலி விவசாயி, கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா சும்மா உட்காரவில்லை. ஓட்டுரிமைக்காக நின்றார், ஜெயிலில் அடிபட்டார். 1969இல் சன்ஃபிளவர் வட்டாரத்தில் கூட்டுறவுப் பண்ணை ஆரம்பித்தார். காய்கறி பயிரிட்டார்கள், 'பன்றி வங்கி'யும் வைத்தார்கள். ஏழைக் குடும்பத்துக்குப் பெண்பன்றி கொடுப்பது, அது போட்ட குட்டியில் சிலதை வங்கிக்கே திருப்பி வாங்கி அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்பது. கீரையும் உண்டு, பன்றியும் உண்டு. எது சுத்தம் என்று அங்கே யாரும் பாடம் எடுக்கவில்லை; யாருக்குப் பசி என்று கேட்டார்கள்.

தோழர்களே, ஆரோக்கியத்தைப் பற்றிய கேள்வியை ஹேமர் கேட்ட இடத்திலிருந்து கேட்போம். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, பிள்ளை பெறுவதை முடிவு செய்வது யார்? இதைக் கேட்காத உணவு மருத்துவம் உடம்பிலே தொடங்கிச் சாதியிலே போய் முடியும். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948இலேயே அம்பேத்கர் எழுதி வைத்துவிட்டார்.

டாக்டரே, என் சர்க்கரையைப் பற்றிச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். உப்பைக் குறைக்கச் சொல்லுங்க, குறைக்கிறேன். என் பிறப்பை அளக்கிற தராசை மட்டும் தூக்கிட்டு வராதீங்க.