ஒரு மூட்டை சிமெண்டும் உலக நாடுகளும்



சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியாகத் தெற்கே சென்றிருக்கிறீர்களா? சென்றவர்கள் சிறுசேரியைக் கண்டிருப்பீர்கள். ஒரு தலைமுறைக்கு முன் வயலும் ஏரியுமாகக் கிடந்த சிற்றூர் அது. இன்று அங்கே கணிப்பொறி நிறுவனங்களும் பல மாடிக் குடியிருப்புகளும் வானை முட்டிக்கொண்டு நிற்கின்றன. சாலையில் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழுகின்றன. எங்கு திரும்பினாலும் கலவை இயந்திரத்தின் ஓசை!

இதைப் பார்த்து, "ஆகா, என்ன வளர்ச்சி!" என்று வியப்பவர்கள் உண்டு. "ஐயோ, இயற்கை போயிற்றே!" என்று வருந்துபவர்களும் உண்டு. அறிவியல் படிக்கும் நாம் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மூட்டை சிமெண்டு உருவாகும்போது என்ன நடக்கிறது? அதை வேறு விதமாகச் செய்ய முடியாதா?

சூளைக்குள் நடப்பது என்ன?

சிமெண்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். நம் அரியலூர்ப் பகுதியில் அது ஏராளமாக உண்டு. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து, இறுகிக் கல்லாயின. அவற்றோடு சேர்ந்து கரியமில வாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கல்லுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

ஆலையில் இக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து அரைத்து, சுழலும் சூளையில் சுமார் 1450 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்குகிறார்கள். கிடைக்கும் உருண்டைகளுக்குக் 'கிளிங்கர்' என்று பெயர். இதனுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை முறை இன்றும் பெரிதாக மாறவில்லை.

சூளையில் ஏறத்தாழ 900 டிகிரியிலேயே அந்தச் சிறைக்கதவு திறந்துவிடுகிறது. வேதியியல் வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. கணக்குப் போட்டால், 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். நிலக்கரிக்குப் பதில் சூரிய வெப்பத்தைக் கொண்டே சூளையை எரித்தாலும் இந்த 44 கிலோ வெளியே வந்தே தீரும்! சிமெண்டுத் தொழிலின் உண்மையான சிக்கல் இதுதான்.

50 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை சாதாரணச் சிமெண்டுக்குக் கல்லிலிருந்து மட்டும் சுமார் 24 கிலோ வாயு வருகிறது. எரிபொருளையும் சேர்த்தால் ஏறத்தாழ 40 கிலோ. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்டு செய்கிறது. சீனாவுக்கு அடுத்தபடி அதிகம் செய்யும் நாடு இந்தியா. மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவுக்கு இந்த ஒரு தொழிலிலிருந்தே வருகிறது.

சாம்பல் செய்த உதவி

கிளிங்கரைக் குறைத்தால் வாயுவும் குறையும். ஆகவே அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக, அனல் மின் நிலையங்களில் மிஞ்சும் நிலக்கரிச் சாம்பலைச் சேர்க்கிறார்கள். கடையில் சிமெண்டு மூட்டையின் மேல் 'பி.பி.சி.' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் கலந்த சிமெண்டு பெரும்பாலும் அதுதான். நம் நாட்டுத் தர விதி இதில் 35 சதவீதம் வரை சாம்பலை அனுமதிக்கிறது. குளம் குளமாகத் தேங்கி, காற்றையும் ஆற்றையும் கெடுக்கும் சாம்பல் இப்படி வீட்டுச் சுவராக மாறுவது நல்ல செய்திதான்.

ஆனால் நிலக்கரி எரியும் வரையில்தான் சாம்பல். எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. பூமி சூடாவதைத் தடுக்க வேண்டுமானால் மற்றவையும் படிப்படியாகக் குறைய வேண்டும். அப்போது சாம்பலுக்கு எங்கே போவது? இன்று நம் நாட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை என்பதற்காக நாளைய வழியை இன்று தேடாமல் இருக்கலாமா?

களிமண்ணில் கிடைத்த விடை

விடை களிமண்ணில் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை கரேன் ஸ்கிரிவெனரும், கியூபாவின் லாஸ் வில்லாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பெர்னாண்டோ மார்ட்டிரெனாவும் தம் குழுவினரோடு ஒரு புதிய கலவையை உருவாக்கினர். கிளிங்கர் 50 பங்கு, சுட்ட களிமண் 30 பங்கு, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15 பங்கு, ஜிப்சம் 5 பங்கு. இதன் பெயர் 'எல்.சி.3'.

களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். அப்போது அதிலிருந்து வெளியேறுவது கரியமில வாயு அல்ல, நீராவி! பீங்கான் செய்யப் பயன்படும் உயர்ந்த வெண்களிமண்ணும் இதற்குத் தேவையில்லை. பீங்கானுக்கு உதவாதென்று ஒதுக்கப்படும் மட்டமான களிமண்ணே போதும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கும் புதிய படிகங்களை உண்டாக்குகின்றன. கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது.

2013இல் கியூபாவின் ஓர் ஆலையில் சோதனை உற்பத்தி நடந்தது. இந்தியாவும் கை கோத்தது. சுவிஸ் அரசின் உதவியுடன் டில்லி, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள் ஆய்வில் இறங்கின. ஜான்சியில் இச்சிமெண்டைக் கொண்டு ஒரு மாதிரி வீடே கட்டப்பட்டது.

இதில் நம் ஊரின் பங்கு சிறியதன்று. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், இக்கான்கிரீட் எத்தனை காலம் உழைக்கும் என்று சோதித்தார்கள். சிறுசேரியிலிருந்து கோவளம் கடற்கரை சில கிலோமீட்டர் தொலைவுதான். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், தூண் வெடிக்கும். உப்பு புகுவதைத் தடுப்பதில் எல்.சி.3 சாதாரணச் சிமெண்டை வென்றது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவுவதைத் தடுப்பதில் சற்றுப் பின்தங்கியது. நிறையும் குறையும் இரண்டும் ஆய்வில் வெளிப்பட்டன. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இந்தச் சிமெண்டுக்கெனத் தனித் தர விதியை வெளியிட்டது.

சோதனையிலிருந்து தர விதி வரை பத்து ஆண்டுகள்! இது மிகத் தாமதம் அல்லவா என்று கேட்பீர்கள். மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் அவசரம் கூடாது என்பதே என் பதில்.

எது ஒத்துழைப்பு?

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1904இல் சென்னையில் சிமெண்டு செய்யும் முயற்சி ஒன்று நடந்தது, வெற்றி பெறவில்லை. 1934இல் டென்மார்க்கிலிருந்து சோரன் டூப்ரோ என்னும் பொறியாளர் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள மதுக்கரைக்கு வந்தார். தம் நாட்டு நிறுவனம் அனுப்பிய சிமெண்டு ஆலை இயந்திரங்களை நிறுவித் தருவது அவர் வேலை. 1938இல் அவரும் அவர் நண்பர் ஹோல்க் லார்சனும் பம்பாயில் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் பெரிதாக வளர்ந்த 'எல் அண்டு டி'.

அன்றைய உறவு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்தது. இயந்திரம் அங்கிருந்து வந்தது. நாம் விலை கொடுத்தோம். அதைக் குறை சொல்லவில்லை. மதுக்கரை ஆலை எழுந்தது அதனால்தான். ஆனால் களிமண் சிமெண்டின் கதை வேறு மாதிரியானது. ஒரு பணக்கார நாடும், ஒரு சின்னஞ்சிறு தீவும், நம் நாடும் ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்ந்தன. நம் மண்ணுக்கும் நம் வெயிலுக்கும் எது பொருந்தும் என்பதை நம் ஆய்வுக்கூடமே கண்டு சொன்னது. சர்வதேச ஒத்துழைப்பு என்றால் அது இப்படித்தான் இருக்க வேண்டும்.

"அவர்கள் முதலில் குறைக்கட்டும்"

உங்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். "மேலை நாடுகள் நூறு ஆண்டுகளாகப் புகை விட்டுத் தங்கள் நகரங்களைக் கட்டிக்கொண்டன. ஓர் இந்தியரின் சராசரி சிமெண்டுச் செலவு உலகச் சராசரியில் ஏறத்தாழப் பாதிதான். நாம் ஏன் குறைக்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. ஓலைக் குடிசையில் இருப்பவரிடம் போய், "நீ சிமெண்டு வீடு கட்டாதே" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இங்கே கேட்கப்படுவது வேறு. வீட்டைக் கட்டு, குறைந்த புகையில் கட்டு என்பதே கோரிக்கை. நம் நாட்டில் கட்ட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. கட்டி முடித்த நாடுகளைவிட நல்ல முறை நமக்குத்தான் அதிகம் பயன்படும். அதே நேரத்தில், செலவைப் பகிர்ந்துகொள்ளும் கடமை பணக்கார நாடுகளுக்கு உண்டு. கல்லிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து அடைத்துவைக்கும் முறைக்கு மிகுந்த பணம் பிடிக்கும். அதற்கு உதவாமல் உபதேசம் மட்டும் செய்வது முறையாகாது.

2013இல் இந்தியச் சிமெண்டு நிறுவனங்கள் சர்வதேச எரிசக்தி முகமையுடன் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன. 2010இல் ஒரு டன் சிமெண்டுக்கு 0.63 டன்னாக இருந்த கரியமில வாயுவை 2050க்குள் 0.35 டன்னாகக் குறைப்பது குறிக்கோள். 2019இல் இந்தியாவும் சுவீடனும் கனரகத் தொழில்களை மாற்றியமைக்க ஒரு நாடுகளின் குழுவைத் தொடங்கின. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் காகிதத்தில் உள்ள திட்டம் கட்டடமாகிவிடாது. பள்ளிக்கூடம், பாலம், மருத்துவமனை கட்டும் அரசுத் துறைகளே முதலில் புதிய சிமெண்டை வாங்க முன்வர வேண்டும். வாங்குவோர் இல்லாமல் எந்த ஆலையும் சூளையை மாற்றாது.

நம் வீட்டுப் பங்கும் உண்டு. "கலப்புச் சிமெண்டு பலமில்லாதது" என்று சிலர் இன்னமும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சாம்பல் கலந்த சிமெண்டு மெதுவாக இறுகும். அதனால் பலம் குறைந்தது என்று பொருளல்ல. அதற்குத் தேவை நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி ஈரம் காப்பது. உங்கள் தெருவில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள்.

சிறுசேரியில் இன்று எழும் தூண்கள் நீங்கள் தாத்தா பாட்டி ஆகும்போதும் நிற்க வேண்டும். அன்று உங்கள் பேரக்குழந்தைகள் அவற்றின் நிழலில் நிற்கும்போது, வெயில் இன்றைவிட எவ்வளவு கடுமையாக இருக்கும்? அதை முடிவு செய்வதில் இந்தத் தலைமுறையின் சூளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. நாளை அச்சூளைகளின் அருகே நிற்கப்போகும் பொறியாளர்கள் நீங்கள்தான் அல்லவா?