நடையும் தராசும்

ஓசூரில் நமது வீதியில் ஒரு நண்பர் இருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் இருபது வருஷங்களாக வேலை பார்ப்பவர். சென்ற தை மாதம் வைத்தியர் அவரைப் பரிசோதித்து, "இரத்தத்தில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது. தினந்தோறும் நடந்து வாருங்கள்" என்றார். நண்பர் அன்றே புது ஜோடு வாங்கினார். விடியற்காலையில் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் தினம் ஐந்து கிலோமீட்டர் தவறாமல் நடந்தார். மூன்று மாதம் சென்றபின் ஒரு நாள் காலையில், அவர் பத்திரிகையும் கையுமாய் வாசலில் உட்கார்ந்திருக்கக் கண்டோம்.

"ஏன், இன்று நடை இல்லையா?" என்று கேட்டோம்.

"விட்டுவிட்டேன், வாத்தியார் ஸார்! தொண்ணூறு நாள் நடந்தும் தராசு ஒரு கிலோகூட இறங்கவில்லை. வீண் வேலைதானே?" என்றார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. 2019-21-ல் நடந்த தேசீயக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வயது வந்த பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். இவர்களில் எத்தனையோ பேர் நடக்கத் தொடங்கி, தராசைப் பார்த்து மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆகையால் இந்த வாரம் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ ஜலத்தை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ, அதுவே ஆகார சாஸ்திரிகள் கூறும் ஒரு கலோரி. சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருக்கும்போது ஆகும் செலவுக்கு மேல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் அரைக் கலோரி செலவாகிறது. நண்பரின் எடை 70 கிலோ. ஆகவே ஐந்து கிலோமீட்டருக்கு 175 கலோரி. ஓர் உளுந்து வடையும், சர்க்கரை போட்ட ஒரு காப்பியும் சேர்ந்தால் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஒரு மணி நேர நடையை ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிடலாம்!

உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. இதன் பொருளை உணர நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லலாம். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் புறப்பட்டார். சுமார் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 60 கிலோ எடையுள்ள தொண்டர் ஒருவருக்கு அந்த நடையால் அதிகப்படியாகச் செலவாகியிருக்கக் கூடியது 7,200 கலோரி. ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்த யாத்திரைக்கு, ஒரு கிலோ கொழுப்பை முழுதும் கரைக்கச் சக்தி போதவில்லை!

நண்பர் தொண்ணூறு நாளில் 15,750 கலோரி செலவிட்டிருக்கிறார். இரண்டு கிலோவாவது இறங்கியிருக்க வேண்டுமே, எங்கே போயிற்று? விசாரித்ததில், ஏரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு காப்பிக் கடை இருப்பது தெரியவந்தது. "இத்தனை தூரம் நடந்தோமே என்றுதான்..." என்று இழுத்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தையும் சாட்சிக்கு அழைத்தார். அது நடைக்கு 400 கலோரி என்று காட்டுமாம். 2017-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் இத்தகைய கருவிகள் ஏழைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் அவற்றுள் மிக நல்லதே 27 சதவிகிதம் பிசகிற்று. மிக மோசமானது 93 சதவிகிதம்! நமது ஓசூர் கடிகாரத்துக்குப் பேர் போன ஊர்தான். ஆனாலும் கடிகாரத்திடம் மணி கேட்பதோடு நிற்பதே உத்தமம்.

நண்பரைக் குறை கூறவும் இயலாது. உழைத்தால் பசிப்பது இயற்கை. வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரை ழான் மேயர் என்ற ஆகார சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1956-ல் முடிவை வெளியிட்டார்கள். கடினமாக உழைத்தவர்கள் அதற்கேற்ப அதிகம் சாப்பிட்டார்கள், எடை மாறவில்லை. உட்கார்ந்தே காலம் கழித்தவர்களோ சாப்பாட்டைக் குறைத்துக் கொள்ளவில்லை. லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். அவர்களைவிடப் பருத்தும் இருந்தார்கள். நம் பக்கத்துக் கதையும் இதுவே. கேழ்வரகுக் களி உண்டு நாள் முழுவதும் வயலில் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று கம்பெனி பஸ்ஸில் சென்று யந்திரத்தின் முன் நிற்கிறார்கள். ஏர் போயிற்று, பசி போகவில்லை.

அப்படியானால் எடை குறைய வழி என்ன? முதல் வழி இலையில்தான் இருக்கிறது. ஒரு கிண்ணம் சோற்றைக் குறைத்தால் சுமார் 200 கலோரி மிச்சம். அதற்கு ஈடு செய்ய நண்பர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

நடை வீண் என்று இதற்கு அர்த்தம் அல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், நமது நண்பரைப்போல் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண யோசனை மட்டும் பெற்றவர்களில், மூன்று வருஷத்துக்குள் 100-க்கு 55 பேரை நோய் பிடித்தது. ஆகார ஒழுங்கும் தினசரி நடையும் மேற்கொள்ளும்படி பழக்கப்பட்டவர்களில் 39 பேரைத்தான் பிடித்தது. ஆச்சரியம் என்னவெனில், இவர்களுடைய எடை சொல்லும்படி குறையவே இல்லை! வேலை செய்யும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமே இழுத்துக் கொள்கின்றன. இருதயம் பலப்படுகிறது, இரத்த அழுத்தம் தணிகிறது. சாப்பாட்டைக் குறைத்து இளைத்தவர்களுக்கு, இளைத்த உடம்பு மறுபடி பருக்காமல் காப்பதிலும் தேகாப்பியாசம் துணை செய்கிறது. இவை ஒன்றும் தராசின் முள்ளுக்குத் தெரியாது.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-ல் விதித்த அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். ஐந்து நாள் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் போதும். அடுப்படியில் நாளெல்லாம் நிற்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் அந்த அரை மணி நேரத்தை ஒழித்துக் கொடுப்பது மற்றவர்களுடைய கடமை.

நண்பருக்கு இவ்வளவும் சொல்லி, "தராசு சாப்பாட்டுக்குச் சாட்சி. நடைக்குச் சாட்சி வேண்டுமானால் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்றோம். அரை மனத்தோடு போனார். மூன்றாம் நாள் காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினார். சர்க்கரை எல்லைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது.

"இது முன்பே தெரிந்திருந்தால் பத்து நாளை வீணாக்கியிருக்க மாட்டேனே, ஸார்!" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் பார்த்தோம். அவர் வீட்டு வாசலில் ஜோடு இல்லை.